பந்திக்கு முந்தி

“யோவ் பந்திக்கு முந்தி! நீ தின்னு ஏப்பம் விட்டாத்தான் எங்களுக்குச் சோறா?”

வரிசையில் நின்ற கைதிகள் தட்டைத் தட்டினார்கள். சிறைச் சமையற்கட்டின் கம்பிக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சங்கிலியில் கட்டிய கத்திகளுக்குப் பக்கத்தில், தலைமைச் சமையற்காரர் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். அவரும் கைதிதான். எந்த வேளையானாலும் அண்டாவிலிருந்து முதல் தட்டு அவருக்கு. அவர் முதல் கவளம் தின்று அரை மணி கழித்துத்தான் மற்றவர்களுக்கு. ஆறு வருஷமாக இப்படித்தான். அதில் வந்த பட்டப்பெயர் அது.

“வயித்துல கிணறா வெட்டி வச்சிருக்கே?” என்றான் முன்னால் நின்ற நெட்டையன்.

சமையற்காரர் தலையைக் குனிந்து, கசப்பு மருந்தை விழுங்குவது போல அடுத்த கவளத்தை விழுங்கினார்.

புது அதிகாரி வந்தார். சேர்ந்து நாலு நாள்தான். புதுசாக வந்தவர் சும்மா இருப்பாரா?

“கதவைத் திற. என்னய்யா கூத்து இது?”

தாழைத் திறந்தவர் வாசலை மறித்து நின்றார். “ரூல்ங்க ஐயா.”

“எந்த ரூல்? புஸ்தகம் முழுக்கப் பாத்துட்டேன். அப்படி ஒண்ணும் இல்லையே.”

“நான் போட்டதுங்க.”

“மாமியார் வீட்டுல மாப்பிள்ளை ரூல் போடறாரு டோய்!” என்றான் நெட்டையன். வரிசையே சிரித்தது.

“அக்குள்ல என்ன?” என்றார் அதிகாரி.

“உப்பு டப்பாங்க.”

“உப்பைக்கூடவா பதுக்குவே?”

“ராத்திரி அதைக் கட்டிப் பிடிச்சுத்தான் தூங்குவாரு ஐயா! சமையற்கட்டைக் கழுவுற பொடியைக்கூட உள்ள விடமாட்டாரு. எல்லாத்துலயும் சந்தேகம்!” என்றான் நெட்டையன்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு மணிக்கு நீதிபதி பார்வையிட வர்றார். அதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டாகணும். அள்ளி வை.”

“இன்னும் இருபது நிமிஷம் இருக்குங்க.”

“நேரமாச்சுங்கறேன்! வைக்கலேன்னா நாளையிலிருந்து உனக்குச் சமையல் கிடையாது. கக்கூஸ் கழுவத்தான் போவே.”

சமையற்காரர் கை கூப்பினார். “கழுவறேங்க ஐயா. கழுவிட்டு வந்து சமைக்கறேன். சமையலை மட்டும் பிடுங்கிடாதீங்க. எனக்கப்புறம் யாருங்க முதல் தட்டு தின்னுவாங்க?”

“அடப்பாவி, அதான் உன் கவலையா!” அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். “கேலி பண்றாங்களே தவிர, உன்மேல கை வைக்க எல்லாரும் பயப்படறாங்களாம். கொலைக் கேஸுன்னு சொல்லி வச்சிருக்கியாமே? காலையில உன் ஃபைலைப் பாத்தேன். கொலைன்னு எங்கேயும் இல்லை. அலட்சியம்னு மட்டும்தான் போட்டிருக்கு.”

தட்டுச் சத்தம் நின்றது. ஜெயிலில் செய்ததைக் குறைத்துச் சொல்லாத ஆளை எவனும் பார்த்ததில்லை. இந்த மனுஷன் கூட்டிச் சொல்லியிருக்கிறார்.

“பொய்க்காரா! இத்தனை வருஷமா கொலைகாரன்னு நம்பி உன்மேல கை வைக்காம காத்துக் கிடந்தோமேய்யா!” என்றான் நெட்டையன்.

“சொல்லுய்யா. என்ன அலட்சியம்? வண்டியை ஏத்திட்டியா?” என்றார் அதிகாரி.

சமையற்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினெட்டு நிமிஷம் பாக்கி. பேசினால்தான் அந்தப் பதினெட்டு நிமிஷம் ஓடும். உப்பு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை.

“சமையல்தாங்க கேஸு. ஒரு விருந்து. ‘நேரமாச்சு, நேரமாச்சு’ன்னு விரட்டினாங்க. உப்புன்னு நினைச்சு எலி மருந்தை அள்ளிப் போட்டுட்டேன். நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாக்காம இறக்கி அனுப்பினேன்.”

கடிகாரத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

“அன்னிக்கு நான் பந்திக்கு முந்தலீங்க ஐயா. பதினோரு பேரு முந்திட்டாங்க.”