மருமகள் அடித்த பெயின்ட்

"யாரு சார் இந்தப் பாவத்தப் பண்ணது?"

கஜபதிக்கு அழுகையே வந்துவிட்டது. அம்பத்தூரில் முப்பது வருஷமாகப் பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவர். கரையான் தின்ற கட்டிலைப் பார்த்திருக்கிறார், கோழி அடைத்த பீரோவைக்கூடப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு அநியாயத்தைப் பார்த்ததில்லை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்த மேஜை தேன் நிறத்தில் மின்னியது. ஈ.சி.ஆர். ஓட்டல்காரர் ஒருவர் மூன்று லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆசை ஆசையாகச் சேக்காட்டுக்கு வந்து பார்த்தால், தலை முதல் கால் வரை நீல பெயின்ட்!

"நான்தாங்க அடிச்சேன்," என்று காபியோடு வந்தாள் சௌம்யா. வீட்டுக்காரர் ஞானசேகரனின் மருமகள். "பழசாத் தெரிஞ்சா விலை போகாதேன்னு..."

"பழசுக்குத்தாம்மா வெலையே!"

கஜபதி சாய்வாக இருந்த பலகையைக் கீழே இறக்கினார். அதுவே எழுதும் பலகையாக நின்றது. உள்ளே குட்டிக் குட்டியாகப் பதினாறு அறைகள்.

"சார், இதுக்குப் பேரு செக்ரெட்டரி டெஸ்க். வெள்ளக்காரன் காலத்து ஐட்டம், பர்மா தேக்கு. டிராயர் மூலையப் பாருங்க. ஆணியே இல்ல, பல்லோட பல்லு கோத்துக்கீறான். மிசின்ல அறுத்திருந்தா எல்லாப் பல்லும் ஒரே அளவுல இருக்கும். இது ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. சுத்தமான கை வேல. நூறு வயசுக்கு மேல கீது."

"வேலையில இருந்தப்ப ஏலத்துல நானூறு ரூபாய்க்கு எடுத்தேன்," என்றார் ஞானசேகரன் பெருமையாக. "இப்ப என்ன போகும்?"

"பழைய பாலிஷோட இருந்தா கண்ண மூடிக்கினு ரெண்டு லட்சம் குடுத்திருப்பேன். இப்ப சொரண்டி எடுத்தா வெறும் மரம்தான். இருவதாயிரம்."

கஜபதி சௌம்யாவை முறைத்தார். ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைக் காலி பண்ணிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி காபியை நீட்டுகிறாள் பார்!

பேரம் இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். ஞானசேகரனோ, "சரி, இருபதாயிரமே குடுங்க," என்றார். "மருமக இட்லி மாவுக் கடை போடணும்னு ரெண்டு வருஷமா ஆசைப்படறா. அட்வான்ஸுக்குக் கொஞ்சமாவது ஆகும்."

சௌம்யாவின் முகம் வெளுத்துப்போனது. "அய்யோ மாமா, இருபதாயிரத்துக்கா? வேணவே வேணாம். மேஜை இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தரையில உக்காந்து எழுதினா மனு போய்ச் சேராதா என்ன?"

அதற்குள் வாசலில் அடுத்த தெரு ஜமீலா வந்து நின்றாள். "சார், எங்க தெரு லைட் மனு இன்னா ஆச்சு?"

ரிட்டயர் ஆனதிலிருந்து அக்கம்பக்கத்து மனுக்களை எல்லாம் காசு வாங்காமல் எழுதித் தருகிறவர் ஞானசேகரன். அவர் கை, பார்க்காமலேயே மூன்றாவது அறைக்குப் போனது. காலி. மேஜையை விற்கப்போகிறோமே என்று காலையில்தான் எல்லாக் காகிதத்தையும் ஒரு கட்டைப்பையில் அள்ளிப் போட்டிருந்தார்.

பையைத் தரையில் கவிழ்த்தார். தெருவிளக்கு, குடிநீர், பட்டா, முதியோர் பென்ஷன் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எதை எங்கே தேடுவது என்று தெரியாமல் மனிதர் விழித்தார்.

கஜபதிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மேஜைக்கு அடியில் குனிந்து, விரலை நாக்கில் தொட்டு மரத்தில் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சௌம்யாவைப் பார்த்தார். அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், இது எனக்கு வேணாம்."

"ஏங்க?"

"உள்ள பூரா உளுத்துப் போயிக்குது. ஓசில குடுத்தாகூட எடுக்க மாட்டேன். நீங்க எழுதறதுக்கு இன்னும் இருவது வருசம் தாங்கும். விக்கறதுக்குத்தான் தாங்காது."

ஞானசேகரன் வருத்தப்படத்தான் முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. "விலை போகாதாம்மா!" என்று சொல்லும்போதே கைகள் காகிதங்களை அறை அறையாக அடுக்க ஆரம்பித்துவிட்டன. "ஆனா உன் கடை..."

"வாசல்லயே ஒரு ஸ்டூல் போட்டு ஆரம்பிக்கறேன் மாமா. மனு எழுத வர்றவங்க வெறுங்கையோடவா போவாங்க?"

"மொத கிலோ எனக்குத்தான்," என்றாள் ஜமீலா. எல்லோரும் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது.

வழியனுப்ப கேட் வரை வந்தாள் சௌம்யா. கஜபதி பைக்கில் ஏறி உட்கார்ந்து, வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்கூல் பசங்க வாட்டர் கலர்தானம்மா அது? மெதுவா ஒரு நாள் ஈரத்துணிய நல்லா புழிஞ்சி தொடச்சிடு. உள்ள கீற ரெண்டு லட்ச ரூபா பாலிஷுக்கு ஒண்ணும் ஆவாம பாத்துக்க!"