சத்தமில்லாத வீடியோ

வீட்டுக் கம்ப்யூட்டரில் 'பாடம் ஒன்று' என்ற பெயரைப் பார்த்ததும், மகள் ஆபீஸ் வேலைக்காக எதையோ டவுன்லோடு செய்து வைத்திருக்கிறாள் என்றுதான் அச்சகக்காரர் நினைத்தார். வாடிக்கையாளர் அனுப்பிய காலண்டர் டிசைனைத் தேடி வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. திறந்துவிட்டார்.

வீடியோவில் ஒரு பெண் வாயே திறக்காமல் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். விரலை மடக்கினாள், நெஞ்சைத் தொட்டாள். கீழே 'சாப்பிட்டாயா?', 'எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்' என்று எழுத்து ஓடியது.

காது கேட்காத பிள்ளைகள் இரண்டு பேர் பஸ் ஸ்டாப்பில் இப்படிப் பேசிக்கொண்டதை அவர் பார்த்திருக்கிறார். பொறி தட்டியது. அடிப்பாவி மகளே!

அப்படியென்றால் இதுதான் சங்கதி. கொஞ்ச நாளாகவே தாயும் மகளும் குசுகுசுவென்றுதான் பேசிக்கொள்கிறார்கள். டிவியைக்கூடக் கழுத்தை நெரித்த மாதிரிதான் ஓட விடுகிறார்கள். இவர் தலையைக் கண்டால் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறாள். அம்மாக்காரிக்கு எல்லாம் தெரியும், அப்பன்தான் ஏமாந்த சோணகிரி!

தோளில் தூக்கி வளர்த்த பெண், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

வேலை முடிந்து வந்த மகளை, செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா அந்தப் பையன்?"

"எந்தப் பையன்பா?"

"நடிக்காதே! கம்ப்யூட்டர்ல எல்லாம் பார்த்துட்டேன். சைகை பாஷை கத்துக்கிற அளவுக்குப் போயாச்சு, இல்ல?"

மகள் விக்கித்துப்போய் அம்மாவைப் பார்த்தாள். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"பையனுக்குக் காது கேக்கலைன்னா அது ஒரு குத்தமே இல்லம்மா. நானே முன்னால நின்னு கட்டி வைப்பேன். என்கிட்ட மறைச்சியே, அதான் குத்தம்!" அவர் குரல் உடைந்தது. "நான் உனக்கு அவ்வளவு வேண்டாதவனாப் போயிட்டேனா?"

மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கைகளுக்குள்ளிருந்து ஏதோ முணுமுணுப்புதான் வந்தது.

எதிர் வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. அந்த வீட்டம்மாள் பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும், மானம் போனால் போகட்டும்!

"கேட்டுக்கிட்டே இருக்கேன், என்ன முணுமுணுப்பு? வாயைத் திறந்து சொல்லேன்!"

மகள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். கிட்டே வந்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோடு வாயை வைத்துச் சொன்னாள்:

"கத்தித்தாம்பா சொன்னேன்... அந்தப் பாடம், இனிமே உங்ககூடப் பேசறதுக்கு."