நாலு மணிப் புத்தகம்

கிட்ட வந்து உட்காருங்க. டிரினிடாடுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஜார்ஜ்டவுனில் ஷெவோன் என்கிற பெண் வயிறெரிந்த கதை இது.

ஷெவோன் என்பது கூப்பிடுகிற பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர். அது அவளைப் பெற்றவளுக்கே இந்நேரம் மறந்திருக்கும். எங்கள் ஊரில் யாருக்குத்தான் அப்படி இல்லை.

சட்டப் படிப்பில் கடைசி வருஷம். வகுப்பில் முதல் இருபத்தைந்து பேருக்குள் வந்தால்தான் டிரினிடாடில் மேல்படிப்புக்கு இடம். அதை முடித்தால்தான் கறுப்பு அங்கி. அரையாண்டில் ஷெவோன் இருபத்தாறு.

இருபத்தைந்து, ஒனிகா. "கடைசி ஆளா தொங்கிக்கிட்டு இருக்கேன்டி" என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பை ஷெவோனால் மறக்க முடியவில்லை.

ஒனிகாவுக்கு வேலைக்குப் போகிற கஷ்டம் கிடையாது. நியூயார்க்கிலிருந்து மாமா பீப்பாய் பீப்பாயாகச் சாமான் அனுப்புகிறார். ஷெவோனோ காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை மருந்துக்கடையில் நின்றுவிட்டு, மினிபஸ்ஸில் நசுங்கி, வேர்த்து விறுவிறுத்து நூலகத்துக்கு வருவாள். ஒனிகா படிக்கட்டில் உட்கார்ந்து, அன்னாசி ஜாம் வைத்துச் சுட்ட பைன் டார்ட் கடித்துக்கொண்டிருப்பாள்.

"ஓடுடி, நாலாகுது" என்பாள்.

கொழுப்பைப் பார் என்று ஷெவோனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிலச் சட்டத்துக்கு உருப்படியான புத்தகம் ஒன்றே ஒன்றுதான். நூலகத்தில் அதற்கு ஒரே பிரதி. அங்கேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படிக்கலாம். ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு தடவை. காலை எட்டு மணிக்கு ஐடி கார்டோடு நேரில் வந்து பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். எட்டரைக்குள் எல்லா நேரமும் போய்விடும்.

முதல் நாள் ஷெவோன் சண்டையே போட்டாள். எட்டு மணிக்குக் கடை திறக்கிறவள் எப்படி வந்து பெயர் எழுதுவாள், சம்பாதித்துச் சாப்பிடுகிறவள் படிக்கக்கூடாதா என்று கேட்டாள். நூலகர் மிஸ் கிரிஃபித் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, சட்டம் படிக்கிற பெண்ணுக்கு விதி என்றால் விதிதான் என்று தெரியாதா என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒனிகா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றது வேறு அவமானம்.

ஆனால் மறுநாளே அதிர்ஷ்டம் அடித்தது.

நாலு முதல் ஆறு வரை பெயர் எழுதியிருந்தவள் வரவில்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு, மேசை முன்னால் நிற்கிறவர் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். நின்றது ஷெவோன்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். ஐந்து வாரம் இப்படியே ஓடிற்று. ஒரு நாள் பதிவேட்டைத் தலைகீழாக எட்டிப் பார்த்தாள். தினமும் நாலு மணிக்கு நேராக ஒரே பெயர். வெல்டா பொமராய்.

"யாரு மிஸ் இந்த வெல்டா? தினம் பேர் எழுதறா, ஒரு நாளும் வரக் காணோம். கிறுக்கா?"

"நீ படிக்க வந்தியா, ஆள் விசாரிக்க வந்தியா?" என்றார் மிஸ் கிரிஃபித்.

எவளோ ஒரு கிறுக்கு, நல்லா இருக்கட்டும் என்று ஷெவோன் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தாள்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒனிகா அவளைப் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"ஆறாவது அத்தியாயம் பார்த்தியாடி? எனக்கு அந்தப் புத்தகம் சரியா கையில கிடைக்கவே இல்ல. அதுல கேள்வி வருமா?"

நாள் பூராவும் நூலகத்திலேயே கிடக்கிறவளுக்குக் கையில் கிடைக்கவில்லையாம். கேட்கும்போதே ஷெவோனுக்கு அடிவயிறு எரிந்தது. ஆறாவது அத்தியாயத்துக்கு அவள் எழுதிய குறிப்பு பதினொரு பக்கம், அவள் பையிலேயே இருந்தது. போன ஆறு வருஷத்தில் அந்தப் பாடம் நாலு தடவை வந்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஆறா? அது செத்த பாடம். பழைய கேள்வித்தாள் அத்தனையும் புரட்டிட்டேன். ஒரு தடவைகூட வரல. தள்ளிடு."

"நல்லவேளை உன்னைக் கேட்டேன்" என்று ஒனிகா கையிலிருந்த பைன் டார்ட்டில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

ஷெவோன் வாங்கித் தின்றாள்.

தேர்வு நாள். கேள்வித்தாளைத் திருப்பினாள். முதல் கேள்வியே ஆறாவது அத்தியாயம். நாற்பது மதிப்பெண், கட்டாயம் எழுதியாக வேண்டும். ஒருத்தி தினமும் பக்கத்து வீட்டுக்காரியின் நிலத்து வழியாக நடந்து போகிறாள். நிலத்துக்காரி அதைப் பார்த்தும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள். அந்த வழியில் யாருக்கு என்ன உரிமை?

இரண்டு வரிசை முன்னால் ஒனிகாவின் பேனா நின்றுவிட்டது. கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பேனாவைக் கடித்தாள்.

ஷெவோனுக்கு நெஞ்சுக்குள் சர்க்கரை கரைவது போல இருந்தது. டிரினிடாடுக்கு எந்தப் பெட்டியை எடுத்துப் போவது என்றுகூட ஒரு நினைப்பு வந்துபோயிற்று. குனிந்து மளமளவென்று எழுத ஆரம்பித்தாள்.

கடைசி வருஷத் தேர்வில் மட்டும் வருகையைப் பெயர் சொல்லி எடுப்பார்கள். கண்காணிப்பாளர் ஐடி கார்டில் இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கேட்காத பெயராக வர வர, கூடத்தில் அங்கங்கே சிரிப்பு. ஷெவோன் தன் பெயருக்குக் கையைத் தூக்கிவிட்டு, நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனாள்.

"வெல்டா பொமராய்."

அந்தக் கிறுக்கு யாரென்று பார்க்க ஷெவோன் தலையைத் தூக்கினாள்.

ஒனிகா வாயிலிருந்த பேனாவை எடுத்துவிட்டு, கையைத் தூக்கினாள்.