தூரத்திலிருந்து கூப்பிட்ட சாவி

ஒரு காருக்கு ரிமோட் சாவிகள் இரண்டு. பெரியவன் வீட்டு ஆணியிலேயே தங்கிவிட்டான். சின்னவன் எஸ்தரின் கைப்பையோடு, அவள் வேலைக்குப் போன ஊருக்குப் போய்விட்டான்.

காருக்கும் சாவிகளுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி ஒரு புது ரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. இடையில் கொஞ்சம் சொற்கள் காதில் விழாமல் தவறினால் கார் பொறுத்துக்கொள்ளும். சொல்வரிசையில் ரொம்பத் தள்ளிப் போய்விட்டால் அந்நியன்தான்.

வீட்டு ஞாபகம் வரும்போதெல்லாம் எஸ்தர் பைக்குள் கைவிட்டுப் பொத்தானை அழுத்துவாள். சின்னவனும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுச் சொல்லால் ஆசை ஆசையாகக் கூப்பிடுவான்; அத்தனை தூரம் அது காருக்கு எட்டாது. கார் கண்சிமிட்டுவது, உள்ளே அந்த மஞ்சள் விளக்கு எரிவது, வெயிலில் காய்ந்த சீட்டின் வாசனை, எல்லாம் அப்படியே நினைவுக்கு வரும்.

விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் வாசலிலிருந்தே கூப்பிட்டான். கார் அசையவில்லை.

"மாமா, நான்தான் சின்னவன்."

"சின்னவன் அடுத்து என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். அது இது இல்லை."

மெக்கானிக் வந்து புதிதாக புரோகிராம் செய்து, சின்னவனைக் காரோடு சேர்த்துவைத்தார். சின்னவன் கூப்பிட்டான். கார் கண்சிமிட்டியது, மஞ்சள் விளக்கும் எரிந்தது.

"வாங்க தம்பி," என்றது கார். "உங்களுக்கு முன்னால இங்கே ஒருத்தன் இருந்தான். நல்ல பையன். ஆனா போனவன் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடலை."