நடுவரின் முகம்

"அந்தம்மா சிரிக்கவே மாட்டேங்குதே!"

அப்பாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. சட்டையில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் வேர்த்தது.

நடனப் போட்டி. மேடைக்குக் கீழே நீளமான மேஜை. மூன்று நடுவர்கள். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள்தான் பெரிய நடுவராம். அவர் முகம் தெரிய வேண்டுமென்றே அப்பா ஓரத்து நாற்காலியாகப் பார்த்துப் பிடித்திருந்தார்.

அப்பாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி வண்டியை விட்டு இறங்கும்போதே, அந்த முகத்தைப் பார்த்தே பாஸா பெயிலா என்று அப்பா சொல்லிவிடுவார். அந்தக் கணக்குதான் இங்கேயும்.

முன்னால் ஆடிய நெட்டைப் பெண்ணுக்கு அந்தம்மாள் தலையை ஆட்டினார். விரலால் தாளம் போட்டார். கடைசியில் ஒரு சிரிப்பு வேறு.

இப்போது மேடையில் மகள் ஆடுகிறாள். அந்தம்மாள் முகமோ விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருக்கிறது.

'கடவுளே, ஒரு தடவை சிரிச்சுடுங்கம்மா!'

போன வருஷம் முதல் சுற்றிலேயே மகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் பல நாள் அவள் ஆடும் ஷூவைத் தொடவே இல்லை. இன்றைக்குக் காலையில் வரும் வழியில்கூடச் சொன்னாள்: "இந்தத் தடவையும் போச்சுன்னா, இனிமே ஆட மாட்டேம்ப்பா."

பாட்டு வேகம் எடுத்தது.

திடீரென்று அந்தம்மாள் மேஜையில் கையை ஊன்றிப் பாதி எழுந்தார்.

அப்பா அந்த முகத்தையே உற்றுப் பார்த்தார். பாதி ஆட்டத்தில் எழுந்து போகிறாரா? அவ்வளவு மோசமாகவா இருக்கிறது?

"அச்சச்சோ!" என்றார் பக்கத்து நாற்காலிப் பெண்மணி.

"நீங்களும் பார்த்தீங்களாக்கா?"

"பார்த்தேனே. பாவம், குழந்தை!"

ஆக, ஊருக்கே தெரிந்துவிட்டது.

அந்தம்மாள் மெல்ல உட்கார்ந்தார். பக்கத்து நடுவரின் காதில் என்னமோ குசுகுசுத்தார். பாட்டு முடிந்து அரங்கமே கை தட்டியபோதும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகள் மேடையை விட்டு இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"அப்பா..."

"அந்தம்மா உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்களா? மேல இருந்து உனக்குத் தெரிஞ்சிருக்குமே!"

"கவனிக்கலப்பா. நான் வந்து..."

"சரி, சரி, தண்ணியக் குடி. அங்க பாரு, மூணு பேரும் கூடிப் பேசறாங்க. மூஞ்சியே சரியில்ல."

அவள் தண்ணீர் குடித்தாள்.

முடிவு வந்தது. அடுத்த சுற்றுக்கு இரண்டு பேர்தான். நெட்டைப் பெண்ணும் இன்னொருத்தியும் மேடையில் துள்ளினார்கள். இவளுக்கு மூன்றாவது இடம்.

"பரவால்லப்பா. வீட்டுக்குப் போலாம்" என்றாள் மகள்.

"எப்படிடா பரவால்ல? நீ வா என்கூட."

"வேணாம்ப்பா!"

அவர் கேட்டால்தானே! வாசல் பக்கம், கைப்பையை மாட்டிக்கொண்டு வந்த அந்தம்மாளை வழிமறித்தே விட்டார்.

"ஒரு நிமிஷம் மேடம். டான்ஸ்ல நீங்க என்னதான் பார்க்கறீங்க? தெரிஞ்சுக்கத்தான் கேட்கறேன்."

"பாதம், தாளம், முகபாவம் எல்லாம்தாங்க. முக்கியமா, ஆடறவங்க மேல இருந்து கண்ண எடுக்காமப் பார்ப்போம்."

"சும்மா சொல்லாதீங்க! மத்த பொண்ணுங்க ஆடினப்ப தலைய ஆட்டினீங்க, சிரிச்சீங்க. எம்பொண்ணு ஆடினப்ப உர்ருன்னு இருந்தீங்க. அதுவாவது போகட்டும். பாதியில எழுந்தே போகப் பார்த்தீங்களே! நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். பச்சப் புள்ள மனசு என்ன பாடுபடும்? இதுல நீங்க எல்லாம் நடுவர்!"

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தம்மாள் கோபப்படவில்லை. அவரைத் தாண்டி அவளைத்தான் பார்த்தார்.

"முட்டி எப்படிம்மா இருக்கு? வீங்கியிருக்கா?"

"லேசா, மேடம்."

அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, அவள் ஒரு காலில் மட்டும் பாரம் போட்டு நிற்பது.

"எழுந்தது உண்மைதாங்க" என்றார் அந்தம்மாள். "சுத்தும்போது வழுக்கி விழுந்தாளே, முட்டி தரையில இடிச்ச சத்தம் என் காதுலயே விழுந்துச்சு. பாட்ட நிறுத்தச் சொல்லலாம்னுதான் எழுந்தேன். அதுக்குள்ள இவ எழுந்து அடுத்த தாளத்தப் பிடிச்சுட்டா. அப்புறம் எனக்கு எங்கங்க சிரிப்பு வரும்? முடியற வரைக்கும் வலியோட ஆடறாளேன்னு பதறிக்கிட்டே இருந்தேன். விழுந்தா மார்க் குறைச்சே ஆகணும், அது விதி. இல்லேன்னா அடுத்த சுத்துக்கு இவ போயிருப்பா."



அந்தம்மாள் அப்பா பக்கம் திரும்பினார். குரல் இன்னும் தணிந்தது.

"எனக்கே அப்படி இருந்துச்சுன்னா, பெத்தவர் நீங்க! இவ விழுந்ததப் பார்த்து எப்படித் துடிச்சுப் போயிருப்பீங்க!"

அவர் பார்வை மகளின் முட்டிக்கு இறங்கியது.

மகள் நொண்டியபடி ஓர் அடி முன்னால் வந்து, அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.

"ஆமா மேடம். நான் கீழ இறங்கினதும் 'ரொம்ப அடிபட்டுச்சாடா'ன்னுதான் அப்பா முதல்ல கேட்டாரு."