டன்வீன் தீவுக்கு ஃபெர்ரி இல்லை

"இது ஒரு பதிலா? கேக்கறேன், இது ஒரு பதிலா?"

செனட்டர் ஷெர்லி கோமோ மேஜையில் ஓங்கித் தட்டினார். தண்ணீர் டம்ளர் ஆடியது.

கனடாவின் ஓட்டாவா செனட்டில் கேள்வி நேரம். எதிர் வரிசையில் நின்றிருந்த அரசுத் தரப்புத் தலைவர் ஆலிஸ்டர் பாய்ட் அசரவில்லை. கையிலிருந்த தடிமனான கோப்பில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்த கோப்பு அது. யார் எதைக் கேட்டாலும் அதைப் பார்த்து வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மனுஷனுக்குக் கோபமே வராது. கேட்கிறவர்களுக்குத்தான் வரும்.

"உறுப்பினரின் கவலையைக் குறித்துக்கொண்டேன். டன்வீன் தீவின் ஃபெர்ரி பழுதுபார்க்கப்படுகிறது. அமைச்சரிடம் விசாரித்துச் சொல்கிறேன்."

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நின்ன ஃபெர்ரி! பனியெல்லாம் உருகி, சிங்கி இறால் சீசனே வந்தாச்சு. இன்னுமா ரிப்பேர்? புதுசா ஒரு கப்பலே கட்டியிருக்கலாமே!"

ஷெர்லிக்குப் பின்வரிசையில் ஓரெஸ்ட் ஹலுஷ்காவுக்கு ரத்தம் கொதித்தது. புதிதாகச் சேர்ந்த செனட்டர். சஸ்காச்சுவானில் கோதுமை வயலுக்கு நடுவே வளர்ந்தவர், கடலைப் படத்தில் பார்த்ததுதான் அதிகம். ஆனால் அநியாயத்தைப் புரிந்துகொள்ளக் கடலைப் பார்த்திருக்க வேண்டுமா என்ன?

"அந்தத் தீவுல ஒரு வயசான அம்மா இருக்காங்க," என்றார் ஷெர்லி. "ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு தடவை கரைக்கு வந்து டயாலிசிஸ் பண்ணியாகணும். ஃபெர்ரி இல்ல. இறால் பிடிக்கிற படகுல, நாத்தம் பிடிச்ச கூடைகளுக்கு நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டு வரவேண்டியிருக்கு. அலை பெரிசா இருந்தா அதுவும் கிடையாது. போன வாரம் அப்படித்தான் போக முடியாம, உடம்பெல்லாம் வீங்கி, மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடந்தாங்க. அவங்க செத்துப்போனா யாருங்க பொறுப்பு?"

பாய்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தனிநபர் விஷயங்களைப் பற்றி அவையில் கருத்துச் சொல்வது மரபல்ல. தீவை விட்டுக் கரைக்குக் குடிபெயர விரும்புகிறவர்களுக்கு அரசின் உதவி உண்டு."

"அதைக் காகிதத்துல படிச்சாச்சு. அந்த அம்மா வர மாட்டேங்கறாங்க. கூப்பிட வேண்டியவங்க நேர்ல வந்து கூப்பிடட்டும், அன்னிக்கே கெளம்பறேங்கறாங்க. அதுவரைக்கும் அசைய மாட்டாங்களாம்."

"மரபாம் மரபு!" ஓரெஸ்ட் பல்லைக் கடித்தார். பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த செனட்டர் வினிஃப்ரெட் டோய்லிடம் குனிந்தார். "என்னங்க இந்த ஆளு, மனுஷனா கல்லா? நீங்க யாருமே ஒரு சத்தம் போட மாட்டேங்கறீங்களே? எங்க ஊரா இருந்தா இந்நேரம் கூரை பறந்திருக்கும்."

"சும்மா இருங்க தம்பி. இதுல நாம வாய் வைக்கக்கூடாது," என்றார் வினிஃப்ரெட்.

பயந்தாங்கொள்ளிக் கூட்டம் என்று ஓரெஸ்ட் மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

ஷெர்லி விடுவதாக இல்லை. "அமைச்சரை விடுங்க. அரசுத் தரப்புத் தலைவர் நேர்ல போய்ப் பாத்தாரா? ஒரு தடவை? அந்தத் தீவு எந்தத் திசையில இருக்குன்னாவது ஞாபகம் இருக்கா?"

பாய்டின் காது சிவந்தது. பக்கம் புரண்டது. "பணிச்சுமை காரணமாக இதுவரை இயலவில்லை."

"கோல்ஃப் ஆடப் போறதுக்கு மட்டும் பணிச்சுமை இல்லையோ?"

"அமைதி, அமைதி," என்றார் அவைத் தலைவர்.

"எப்போ போவீங்க? அதை மட்டும் சொல்லுங்க, நான் உக்காந்துடறேன். அந்த அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கிட்டு, யாராவது வருவாங்களான்னு படகுத்துறையையே பாத்துக்கிட்டு இருக்காங்க. வெக்கமா இல்ல?"

பாய்ட் தலை நிமிரவில்லை. "எழுத்து மூலமாகப் பதில் அளிக்கப்படும்." உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். ஓரெஸ்ட் துள்ளி எழுந்தார். அவைத் தலைவரின் அனுமதி, மைக், எதுவும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"ஏன்யா, நீயெல்லாம் ஒரு தாய் வயித்துல பொறந்தவன்தானா? உன்னைப் பெத்தவ அந்தப் படகுல கெடந்தாலும் எழுத்து மூலமாத்தான் பதில் சொல்லுவியா?"

கண்ணாடி அறைக்குள் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண்கூட வாயை மூடிக்கொண்டாள். பாய்ட் கோப்பைத் திறந்தார். இதற்கு யாரும் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை போலும். மூடினார். ஷெர்லி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வினிஃப்ரெட் ஓரெஸ்டின் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "ஐயோ, உக்காருய்யா. அது அவரைப் பெத்த அம்மாதான்."

ஓரெஸ்ட் முன்வரிசையில் இருந்த ஷெர்லியைப் பார்த்தார். "அப்போ... ஷெர்லி அவரோட தங்கச்சியா?"

"பொண்டாட்டியா இருந்தவ. விவாகரத்தான பிறகும் மாமியாரை மட்டும் விடாம அவதான் பாத்துக்கறா," என்றார் வினிஃப்ரெட். "வெளியில இவ ஃபோன் பண்ணினா அவர் எடுக்கறதே இல்ல, இங்க கேட்டா, எழுந்து நின்னு ஏதாவது பதில் சொல்லித்தானே ஆகணும்."