முள்ளில் ஏறிய முந்தானை

மாடம்பாக்கத்துப் பிளாட்டின் பால்கனியில், ஞாயிற்றுக்கிழமை வெயில் சரிந்து ஃபிரெடியின் விரல்களில் விழுகிறது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, மீனை ஏமாற்றும் ஈ ஒன்றைக் கட்டி முடித்துவிட்டான். தன்னைப்போல ஈ கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு, போனில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தியபடி, ஜெபம் சொல்லும் குரலில் செய்முறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "கோழிக் கழுத்து இறகு ரெண்டு. சிவப்பு நூல் ஏழு சுத்து. வயித்துக்கு மட்டும் தங்க ஜரிகை..." "எந்த ஜரிகை?" என்கிறாள் பின்னால் வந்து நிற்கும் மனைவி ஜோசலின். "உன் கல்யாணப் புடவைதான் ஜோசி. உள்முந்தானைல ரெண்டே இழை." அவள் ஈயை எடுத்து வெயிலில் திருப்புகிறாள். அதன் பொன் வயிறு தகதகக்கிறது. இன்னொரு தடவை, இன்னும் மெதுவாகத் திருப்புகிறாள். ஃபிரெடியின் கட்டைவிரல் இன்னும் ரெக்கார்ட் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஜோசலின் போன் பக்கம் குனிகிறாள். "அண்ணா, எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க. இது அசல் காஞ்சிபுரம். உங்க வீட்டுப் புடவைக்கெல்லாம் மீன் வராது. வீணா கத்திரிக்கோலைத் தூக்காதீங்க."